குளிர்காலத்தில் லாரியின் செக் லைட் எரிந்தால்: புது ஓட்டுநருக்கு

மார்கழி பிறந்துவிட்டால் மேட்டுப்பாளையத்திலும் சங்ககிரியிலும் நாமக்கல்லிலும் பட்டறைக்காரர்களுக்கு விடிவதற்கு முன்பே போன் வரத் தொடங்கிவிடும். பேச்சு ஏறக்குறைய இப்படித்தான் போகும்.

“அண்ணா, வண்டி ஸ்டார்ட் ஆயிருச்சுங்க. ஆனா செக் லைட் அணைய மாட்டேங்குதுங்க.”

“என்ன கலருங் தம்பி?”

“கலரு... அதைப் பாக்கலீங்ணா. பேட்டரி ஒயரைக் கழட்டி மாட்டிப் பாத்தனுங்க, மறுபடியும் எரியுது.”

பார்க்க வேண்டியதைப் பார்க்கவில்லை. செய்யக் கூடாததை முதலில் செய்தாயிற்று. புதிதாக ஹெவி லைசென்ஸ் எடுத்து வண்டி ஏறியவர்களுக்கும், கடன் வாங்கி முதல் வண்டி எடுத்து தாங்களே ஓட்டுகிறவர்களுக்கும் இதை எழுதுகிறேன். 2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுக்க நடைமுறைக்கு வந்த பி.எஸ்.6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி செய்த வண்டிகளை மனதில் வைத்துத்தான் பேச்சு. அதற்கு முந்தைய வண்டி என்றால் யூரியா (புகையைச் சுத்தம் செய்யத் தனி டேங்கில் ஊற்றும் திரவம்), டி.பி.எஃப். (புகைக்கரி வடிகட்டி) பகுதிகளில் சில பொருந்தாமல் போகலாம். பேட்டரியும் டீசலும் எல்லா வண்டிக்கும் ஒன்றுதான்.

என் கணிப்பில், குளிர்கால விடியலில் எரியும் செக் லைட்டுக்குப் பெரும்பாலும் இன்ஜின் காரணமே இல்லை. பேட்டரி இறங்கியிருக்கும், டீசலில் தண்ணீர் இருக்கும், எங்காவது கனெக்டரில் ஈரம் ஏறியிருக்கும். இந்த மூன்றையும் பார்க்க ஸ்கேனர் வேண்டாம். ஒரு மல்டிமீட்டரும் டார்ச் லைட்டும் கொஞ்சம் பொறுமையும் இருந்தால் போதும்.

கை வைப்பதற்கு முன்

சாவியைத் திருப்பியதும் டேஷ்போர்டில் எல்லா விளக்கும் சில நொடி எரியும். வண்டி தன் விளக்குகளைத் தானே சோதித்துக்கொள்கிறது, அவ்வளவுதான். இன்ஜின் ஓடத் தொடங்கியதும் அவை அணைய வேண்டும். அணையாமல் நிற்பது எது என்று பாருங்கள். இன்னொன்றையும் கவனியுங்கள்: சாவி திருப்பும்போது இன்ஜின் படம் போட்ட விளக்கு எரியவே இல்லை என்றால் அதுவும் கோளாறுதான். செகண்ட் ஹேண்டில் வாங்கிய வண்டி என்றால், விற்றவர் அந்த விளக்கை எரியவிடாமல் செய்து தள்ளிவிட்டிருக்கலாம். வண்டி பார்க்கப் போகும்போதே இதைச் சோதிப்பது நல்லது.

சிவப்பு என்றால் நிறுத்து. எண்ணெய்க் குடுவை படம், இன்ஜின் சூட்டைக் காட்டும் படம், ஸ்டாப் என்ற எழுத்து, இவை சிவப்பில் எரிந்தால் ஓரங்கட்டி இன்ஜினை அணைத்துவிட வேண்டும். லோடு அவசரம், மண்டி ஏலம் என்ற கணக்கெல்லாம் அப்போது உதவாது. குளிர்ந்த இன்ஜினில் ஸ்டார்ட் ஆன முதல் சில நொடி ஆயில் விளக்கு எரிந்து அணைவது இயல்பு. பத்து நொடி தாண்டியும் எரிந்தால் இன்ஜினை நிறுத்திவிட்டு டிப் ஸ்டிக்கை எடுங்கள்.

மஞ்சள் என்றால் வண்டி ஓடும், ஆனால் விசாரிக்க வேண்டும். மஞ்சளிலும் பல படங்கள் உண்டு. இன்ஜின் படம் பொதுவான செக் லைட். சுருள் கம்பி போல இருப்பது ஸ்டார்ட்டுக்கு முந்தைய ஹீட்டர். தண்ணீர்ச் சொட்டு போட்ட பில்டர் படம், டீசலில் தண்ணீர் சேர்ந்ததைச் சொல்கிறது. புள்ளிகள் போட்ட பெட்டி டி.பி.எஃப்., அதாவது சைலன்சர் வழியில் புகைக்கரியைப் பிடித்து வைக்கும் வடிகட்டி. யூரியாவுக்குத் தனி விளக்கு உண்டு. கம்பெனிக்குக் கம்பெனி படம் கொஞ்சம் மாறும். வண்டியோடு வந்த புத்தகம் டேஷ்போர்டு பெட்டியில் பிளாஸ்டிக் கவர் பிரிக்காமல் கிடக்கும். அந்த ஒரு பக்கத்தையாவது போட்டோ எடுத்துப் போனில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, எரியும் விளக்குகளோடு மீட்டரை ஒரு போட்டோ எடுங்கள். மணி, இடம், டீசல் அளவு, யூரியா அளவு, லோடு உண்டா இல்லையா, நேற்று எந்த பங்கில் டீசல் போட்டீர்கள், வாட்டர் சர்வீஸ் செய்தீர்களா, இவற்றைக் குறித்துவையுங்கள். பட்டறையில் இரண்டு மணி நேர வேலையை இந்தக் குறிப்பு பத்து நிமிடமாக்கும்.

பேட்டரி ஒயரைக் கழற்றி மாட்டினால் விளக்கு அணையும் என்பது பழைய வைத்தியம். பி.எஸ்.6 வண்டியில் அப்படிச் செய்தால், கோளாறு நடந்த நேரத்தில் இன்ஜின் எப்படி இருந்தது என்று கம்ப்யூட்டர் எழுதி வைத்திருக்கும் விவரம் அழிந்துபோக வாய்ப்புண்டு. கோளாறு மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கும்.

எந்தக் குளிர்?

நாமக்கல், ஈரோடு, கரூர் சமவெளியில் மார்கழிப் பனியை நாம் குளிர் என்கிறோம். டீசலுக்கும் யூரியாவுக்கும் அது குளிரே அல்ல. சமவெளியில் விடியற்காலை வண்டி முரண்டு பிடித்தால் பழைய பேட்டரி மேல்தான் முதல் சந்தேகம் போக வேண்டும்.

இரண்டாவது, மலைக் குளிர். ஊட்டி கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர். டிசம்பர், ஜனவரியில் புல்வெளியில் உறைபனி படியும் நாட்களில் வெப்பம் பூஜ்யத்தை ஒட்டி வந்துவிடும். குன்னூர், கோத்தகிரி, திம்பம் தாண்டி ஆசனூர், தாளவாடி எல்லாம் அதைவிடக் கொஞ்சம் இதம். திம்பத்தில் இரவு சரக்கு வண்டிக்குத் தடை இருப்பதால், செக்போஸ்ட்டில் இரவெல்லாம் குளிர்ந்து கிடந்த வண்டிகள் விடியலில் ஒரே நேரத்தில் செல்ப் அடிக்கும். எந்த வண்டியின் பேட்டரி நோஞ்சான் என்பது அங்கே ஊருக்கே தெரிந்துவிடும்.

மூன்றாவது, வடக்கத்திக் குளிர். நாமக்கல் வழியே போகும் அதே 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலைதான் ஸ்ரீநகர் வரை நீள்கிறது. திருச்செங்கோட்டு போர்வெல் ரிக் வண்டிகளும் நாமக்கல் டிரெய்லர்களும் போகாத மாநிலம் இல்லை. பனிஹால் தாண்டிவிட்டால் நம்மூர் அனுபவம் எதுவும் அப்படியே செல்லாது.

முதலில் பேட்டரி

பெரிய லாரியில் 12 வோல்ட் பேட்டரி இரண்டை வரிசையாக இணைத்து 24 வோல்ட் ஆக்கியிருப்பார்கள். குளிரில் பேட்டரியின் சக்தி குறையும். அதே நேரத்தில் ஆயில் கெட்டிப்பட்டு இன்ஜினைச் சுற்றக் கூடுதல் சக்தி கேட்கும். வோல்டேஜ் சரிந்ததும் கம்ப்யூட்டருக்குத் தலை சுற்றும். சென்சார்கள் தப்புக் கணக்குச் சொல்லும், ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத நாலைந்து கோளாறுகள் ஒரே விடியலில் பதிவாகும். இதைப் பார்த்துப் பயந்து சென்சார் வாங்கி மாட்டியவர்கள் உண்டு.

பார்க்கும் முறை இதுதான். இரவு நின்ற வண்டி, சாவி போடுவதற்கு முன், பேட்டரி இரண்டும் சேர்ந்து 25 வோல்ட்டுக்கு மேல் இருக்க வேண்டும். 25.2-க்கு மேல் என்றால் நன்றாக சார்ஜ் ஏறியிருக்கிறது. 24.4 பக்கம் என்றால் பாதிதான். 24-க்குக் கீழே என்றால் இன்று ஸ்டார்ட் ஆனாலும் நாளை ஆகாது. அடுத்து, இன்னொருவர் செல்ப் அடிக்கும்போது மீட்டரைப் பாருங்கள். 19 வோல்ட்டுக்குக் கீழே விழுந்தால் பேட்டரியோ, ஒயர் முனையோ, செல்ப் மோட்டாரோ சரியில்லை. வண்டி ஓடும்போது 27.5-இலிருந்து 28.5-க்குள் நிற்க வேண்டும். நிற்கவில்லை என்றால் ஆல்டர்னேட்டர் அல்லது பெல்ட். ஏஸ், தோஸ்த், பொலேரோ பிக்கப் போன்ற 12 வோல்ட் வண்டி வைத்திருப்பவர்கள் இந்த எண்களைப் பாதியாக்கிக்கொள்ளுங்கள்.

பிறகு ஒவ்வொரு பேட்டரியையும் தனித்தனியாக அளந்து பாருங்கள். ஒன்று 12.6, இன்னொன்று 11.9 என்று காட்டினால் காரணம் அநேகமாக உங்கள் கேபினிலேயே இருக்கும். பாட்டு செட், செல்போன் சார்ஜர், சின்ன ஃபேன் எல்லாவற்றுக்கும் 12 வோல்ட் வேண்டும் என்று ஒரே ஒரு பேட்டரியிலிருந்து ஒயர் இழுத்து வைக்கும் பழக்கம் நம் லாரிகளில் சாதாரணம். அந்த ஒரு பேட்டரி மட்டும் தேயும். அது தேய்ந்தால் மற்றதும் கெடும். 24-ஐ 12 ஆக்கும் கன்வர்ட்டர் போடுங்கள். இரண்டு பேட்டரியும் ஒன்றாக வயசாகும்.

டெர்மினலில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்தால் சுடுதண்ணீர் விட்டுத் தேய்த்துத் துடைத்து, இறுக்கி, வாசலின் தடவுங்கள். சேசிஸில் இறங்கும் எர்த் ஒயரைப் பெரும்பாலானோர் மறந்துவிடுகிறார்கள். மண்ணும் துருவும் ஏறிய ஒரு எர்த் போல்ட், குளிர்காலத்தில் பாதிப் புகார்களுக்குக் காரணமாக இருந்தாலும் ஆச்சரியமில்லை.

பக்கத்து வண்டியிலிருந்து கேபிள் போட்டு ஸ்டார்ட் செய்வதானால், 24 வோல்ட் வண்டிக்கு 24 வோல்ட் வண்டிதான். சாவி இரண்டிலும் அணைந்திருக்கட்டும். பிளஸ்ஸுக்கு பிளஸ் முதலில். மைனஸை உங்கள் வண்டியில் பேட்டரி முனையில் மாட்டாமல் தள்ளி சேசிஸில் பிடியுங்கள். மாறிப் பிடித்தால் கம்ப்யூட்டர் போகும், செலவு லட்சத்தில் பேசும். செல்ப் பத்துப் பதினைந்து நொடிக்கு மேல் தொடர்ந்து அடிக்காதீர்கள். ஒவ்வொரு முயற்சிக்கும் நடுவில் ஓரிரு நிமிடம் விடுங்கள். சுருள் விளக்கு இருக்கும் வண்டியில் அது அணைந்த பிறகே செல்ப். அணைவதற்குள் அவசரப்படுவதால்தான் பல வண்டி ஒரே திருப்பலில் எடுப்பதில்லை.

ஸ்டார்டிங் ஸ்ப்ரே வேண்டாம். ஹீட்டர் சூடாக இருக்கும் இன்ஜினில் அதை அடித்தால் உள்ளேயே வெடிக்கும்.

டீசலில் தண்ணீர், டீசலில் மெழுகு

மலையில் பாதி டேங்கோடு இரவு நிறுத்தினால், காலியாக இருக்கும் பாதியில் உள்ள காற்றின் ஈரம் தகரத்தில் வேர்த்து டீசலில் இறங்கும். அதனால் மேலே தங்குவதாக இருந்தால் சாயங்காலமே டேங்கை நிரப்பிவிடுவது நல்லது. தண்ணீர்ச் சொட்டு விளக்கு எரிந்தால் வாட்டர் செப்பரேட்டரின் அடியில் உள்ள திருகைத் திறந்து ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடியுங்கள். தண்ணீர் அடியில் தங்கும், டீசல் மேலே நிற்கும், பார்த்தாலே தெரியும். சுத்த டீசல் வரும்வரை வடித்துவிட்டு மூடி, கையால் பிரைமரை அழுத்திக் காற்றை எடுத்துவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். விளக்கு அணைந்துவிட்டால் வேலை முடிந்தது. வாரத்துக்குள் மறுபடி எரிந்தால் டேங்க் அடியிலோ நீங்கள் போடும் பங்கிலோ தண்ணீர் இருக்கிறது.

எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே குழாயிலிருந்து மிகுந்த அழுத்தத்தில் டீசல் போகும் இன்றைய காமன் ரெயில் இன்ஜினில் தண்ணீர் இன்ஜெக்டருக்குப் போய்ச் சேர்ந்தால் மாற்றத்தான் வேண்டும். அதனால் இந்த விளக்கை மட்டும் “அப்புறம் பாத்துக்கலாம்” என்று தள்ளாதீர்கள்.

மெழுகு வேறு சங்கதி. மார்கழியில் குப்பியில் இருக்கும் தேங்காய் எண்ணெய் உறைகிற மாதிரி, டீசலில் உள்ள மெழுகும் குளிரில் பிரிந்து பில்டரை அடைக்கும். செல்ப் நன்றாகச் சுற்றும், ஸ்டார்ட் ஆகும், கொஞ்ச தூரத்தில் இழுவை போய் செக் லைட் எரிந்து நின்றுவிடும். டீசலுக்கான இந்தியத் தர விதிப்படி, பில்டர் அடைக்கத் தொடங்கும் வெப்பநிலை கோடைக்கால டீசலுக்கு 18 டிகிரி வரையும், குளிர்கால டீசலுக்கு 6 டிகிரி வரையும் இருக்கலாம். இது உச்ச வரம்பு. பங்கில் கிடைப்பது பெரும்பாலும் இதைவிட நன்றாகவே தாங்கும் என்பதால் ஊட்டிக் குளிரில் மெழுகு கட்டுவது அபூர்வம். பழைய பில்டர் என்றால் மட்டும் உறைபனி நாளில் சந்தேகப்படுங்கள். வடக்கே போகிறவர்கள் கணக்கு வேறு. தெற்கே போட்ட டீசலை ஜம்முவுக்கு முன்பே ஓட்டித் தீர்த்துவிட்டு அந்த ஊர் டீசலை நிரப்பிக்கொண்டுதான் மலை ஏற வேண்டும். லடாக் பக்கத்துக்கென்றே மைனஸ் 33 டிகிரி வரை உறையாத டீசலை இந்தியன் ஆயில் 2019 நவம்பரில் கொண்டுவந்தது. அந்த அளவுக்குப் போக வேண்டிய குளிர் அது.

பழைய டிரைவர்கள் இரண்டு யோசனை சொல்வார்கள். டீசலில் மண்ணெண்ணெய் கலப்பது ஒன்று. டேங்க் அடியில் துணியைக் கொளுத்திக் காட்டுவது இன்னொன்று. அவர்கள் ஓட்டிய வண்டிக்கு அது நடந்தது, இன்றைய வண்டிக்கு ஆகாது. மண்ணெண்ணெய்க்கு வழவழப்பு குறைவு. காமன் ரெயில் பம்ப் டீசலின் வழவழப்பை நம்பித்தான் ஓடுகிறது. மண்ணெண்ணெயில் உள்ள கந்தகம் சைலன்சர் பக்கத்து அமைப்புகளைக் கெடுக்கும். நெருப்பைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். இன்றைய லாரியில் டேங்க் பக்கத்தில் பிளாஸ்டிக் யூரியா டேங்கும் ஒயரிங்கும் போகின்றன. வெயில் ஏறும்வரை காத்திருங்கள், இல்லையென்றால் பில்டரைக் கழற்றிப் புதிது போடுங்கள்.

யூரியா உறைந்ததா?

ஊட்டியில் செக் லைட் எரிந்தால் “யூரியா உறைஞ்சிருச்சு” என்று சொல்ல ஒருவர் எப்போதும் இருப்பார். நம்பாதீர்கள். டெஃப், ஆட்புளூ என்று விற்கும் அந்தத் திரவம் 32.5 சதவீத யூரியாவும் மீதி சுத்திகரித்த தண்ணீரும். அது உறைவது மைனஸ் 11 டிகிரியில். நீலகிரியில் அந்தக் குளிர் வராது. காஷ்மீரில், ஹிமாசலத்தில் வரும். அங்கேயும் பதற வேண்டியதில்லை. இன்ஜின் சூடானதும் கூலன்ட் டேங்கைச் சுற்றி ஓடி அதை உருக வைக்கும் ஏற்பாடு வண்டியிலேயே உண்டு. அதுவரை வண்டி ஓடும். சுடுதண்ணீர் ஊற்றுவது, கூலன்ட் கலப்பது எதுவும் வேண்டாம். உறையும்போது சுமார் 7 சதவீதம் விரியும் என்பதால் அந்தப் பக்கம் போகும்போது டேங்கை விளிம்புவரை நிரப்பாமல் இருந்தால் சரி.

நம்மூரில் யூரியா விளக்கு எரிவதற்கு உண்மையான காரணம் வேறு. வண்டியை அணைத்ததும் பேட்டரி கட்-ஆஃப் சுவிட்சைத் தட்டிவிடும் பழக்கம் அதில் முக்கியமானது. அணைத்த பிறகும் யூரியா பம்ப் ஓரிரு நிமிடம் ஓடி, குழாயில் மிச்சமிருக்கும் திரவத்தை டேங்குக்குத் திரும்ப இழுக்கும். காதை வைத்துக் கேட்டால் அந்தச் சத்தம் கேட்கும். அது முடியுமுன் கரண்டை வெட்டினால் மிச்சத் திரவம் நாசிலில் காய்ந்து வெள்ளைப் படிகமாகும். குளிர் தேசத்தில் குழாயிலேயே உறைந்து குழாயைப் பிளக்கும். சத்தம் நின்ற பிறகு சுவிட்சை அணையுங்கள்.

இன்னொன்று நம் பக்கத்துக்கே உரிய ஆபத்து. ஓனர்கள் பலருக்குத் தோட்டம் உண்டு, தோட்டத்தில் யூரியா மூட்டை உண்டு. “அதைக் கரைச்சு ஊத்துனா ஆகாதுங்ளா?” ஆகாது. உர யூரியா 2015 முதல் முழுக்க வேப்பெண்ணெய் பூசித்தான் வருகிறது. அந்த எண்ணெயும் கூட வரும் உப்பும் சைலன்சர் வழியில் புகையைச் சுத்தம் செய்யும் வினையூக்கியை நாசமாக்கும். மிச்சம் பிடித்த காசைப் போல பல மடங்கு பட்டறைக்குப் போகும். கேனில் ஐ.எஸ்.ஓ. 22241 என்று இருப்பதைப் பார்த்து, சீல் உடையாததை வாங்குங்கள்.

யூரியா தீர்ந்தாலும் தரம் கெட்டாலும் முதலில் இழுவை குறையும், அப்புறம் வண்டி ஊர்ந்துதான் போகும். இதைத் தவிர்க்க ஒரு சின்னப் பெட்டியை மாட்டி கம்ப்யூட்டரை ஏமாற்றித் தருவதாகச் சொல்பவர்கள் சாலையோரம் இருக்கிறார்கள். புகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்கு விரோதம் என்பது ஒரு பக்கம், வாரண்டியும் போகும். பின்னால் நிஜக் கோளாறு வந்தால் அந்தப் பெட்டி எதை மறைக்கிறது என்று எந்த மெக்கானிக்காலும் கண்டுபிடிக்க முடியாது.

கழற்றிப் போட்ட தெர்மோஸ்டாட்

இன்ஜின் சூடாகும்வரை கூலன்ட்டை ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கும் வால்வுதான் தெர்மோஸ்டாட். கரூர் வெயிலில் இன்ஜின் சூடாகிறது என்று அதைக் கழற்றி எறிவது நம் பட்டறைகளின் பழைய வழக்கம். வெயில் காலத்தில் ஒன்றும் தெரியாது. அதே வண்டி மார்கழியில் குன்னூர் ஏறி இறங்கும்போது, எவ்வளவு நேரம் ஓடினாலும் கூலன்ட் சூட்டைக் காட்டும் முள் கால்வாசிக்கு மேல் ஏறாது. இன்ஜின் வேண்டிய சூட்டுக்கு வரவில்லை என்று செக் லைட் எரியும். டீசல் அதிகம் குடிக்கும். டி.பி.எஃப். கரியை எரிக்கும் வேலையையும் கம்ப்யூட்டர் தொடங்காது. குளிரில் அரை மணி ஓட்டியும் முள் நடுவுக்கு வரவில்லை என்றால், சென்சாரைச் சந்தேகிக்குமுன் தெர்மோஸ்டாட் இருக்கிறதா என்று கேளுங்கள். கழற்றியிருந்தால் புதிது மாட்டுங்கள். சூடாவதற்கு வேறு காரணம் இருக்கும். ரேடியேட்டரில் போர் தண்ணீர் ஊற்றி ஊற்றி உப்புப் படிந்திருப்பது அதில் ஒன்று.

கூலன்ட்டும் சுத்திகரித்த தண்ணீரும் பாதிக்குப் பாதி கலந்து ஊற்றினால் மைனஸ் 35 வரை உறையாது. ஊட்டிக்கு அவ்வளவு தேவையில்லை, உப்புப் படியாமல் இருக்கவாவது அது வேண்டும். வெறும் தண்ணீரோடு காஷ்மீர் போனால் பிளாக் பிளக்கும்.

இறக்கத்தில் எரியும் டி.பி.எஃப்.

காய்கறி வண்டிக்காரர்களுக்கு இது. மலைக்குக் காலியாக ஏறி, கேரட்டும் உருளையும் ஏற்றி மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்குவதுதான் பெரும்பாலும் உங்கள் ஓட்டம். ஏறும்போது பாரம் இல்லை, இறங்கும்போது ஆக்சிலரேட்டரே மிதிப்பதில்லை. குளிர்காற்று வேறு. புகைக்குழாய் சூடேற வழியே இல்லை. கரி சேர்ந்துகொண்டே போகும், விளக்கு எரியும். அதற்கு மேல் காலையில் அரை மணி நேரம் ஐட்லிங்கில் விட்டு “சூடு பண்ணுவது” கரியை இன்னும் கூட்டும். இரண்டு மூன்று நிமிடம் போதும். ஏர் பிரஷர் ஏறும் நேரம்தான். பிறகு மெதுவாக ஓட்டிச் சூடேற்றுங்கள்.

டி.பி.எஃப். விளக்கு மட்டும் எரிந்தால், இறங்கிய பிறகு அன்னூர் ரோட்டிலோ அவிநாசி ரோட்டிலோ ஒரு கியர் குறைத்து ஆர்.பி.எம்.-ஐத் தூக்கி இருபது முப்பது நிமிடம் நிற்காமல் ஓட்டுங்கள். பெரும்பாலும் அணைந்துவிடும். அணையாமல் மினுக்கத் தொடங்கினால் நிறுத்தி வைத்து பொத்தானை அழுத்திக் கரி எரிக்க வேண்டும். அப்போது சைலன்சர் பக்கம் சூடு 600 டிகிரியைத் தொடும். இடம் பார்த்து நிறுத்துங்கள். கரும்புத் தோகை, பஞ்சுக் கழிவு, பொள்ளாச்சிப் பக்கத்துத் தென்னை நார்க் குவியல், காய்ந்த புல் எதுவும் பக்கத்தில் இருக்கக் கூடாது. மில் வளாகத்துக்குள் இதைச் செய்யவே செய்யாதீர்கள்.

ஒயர், ஈரம், எலி

பிரஷர் பம்ப் வைத்து வாட்டர் சர்வீஸ் செய்து அன்று இரவே மலையில் நிறுத்தினால் கனெக்டருக்குள் போன தண்ணீர் காயாது. காலையில் விளக்கு எரியும், பத்து மணி வெயிலில் தானாக அணையும். இப்படி வந்து போகும் விளக்கு என்றால் சென்சாரை மாற்றாதீர்கள். கனெக்டர்களைக் கழற்றிக் காற்றடித்து, பச்சைப் பூத்த பின்களைத் துடைத்து மாட்டுங்கள்.

கோழித்தீவனம், மக்காச்சோளம் ஏற்றும் வண்டிகளுக்கு எலித் தொல்லை தனி. குளிர் இரவில் சூடான இன்ஜின் மேல் வந்து படுக்கும், ஒயரைக் கடிக்கும். போனட்டையோ கேபினையோ தூக்கி டார்ச் அடித்துப் பாருங்கள். புழுக்கையும் கடித்த பிளாஸ்டிக் துணுக்கும் தெரிந்தால் கோளாறு பாதி கண்டுபிடித்தாயிற்று.

டர்போவிலிருந்து இன்டர்கூலர் போகும் ரப்பர் ஹோஸ் கிளாம்ப்பையும் கையோடு இறுக்கிவிடுங்கள். குளிரில் ரப்பர் விறைத்துக் காற்று கசியும். ஊட்டி உயரத்தில் காற்றழுத்தம் மேட்டுப்பாளையத்தைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. கீழே தெரியாத சின்னக் கசிவு மேலே போனதும் இழுவையில் தெரியும்.

கோடு படிப்பது

இத்தனையும் பார்த்தும் அணையவில்லை என்றால் கோடு, அதாவது கம்ப்யூட்டர் பதிவு செய்து வைத்த கோளாறு எண்ணைப் பார்க்க வேண்டும். பல லாரிகளில் மீட்டர் மெனுவிலேயே தெரியும். பெரிய வண்டியில் எஸ்.பி.என்., எஃப்.எம்.ஐ. என்று இரண்டு எண் வரும். முதல் எண் எந்த உறுப்பு என்று சொல்லும். இரண்டாவது அதற்கு என்ன ஆயிற்று என்று சொல்லும். 168 பேட்டரி வோல்டேஜ். 97 டீசலில் தண்ணீர். 94 டீசல் பிரஷர், 157 ரெயில் பிரஷர். 110 கூலன்ட் சூடு. 1761 யூரியா அளவு, 3364 யூரியா தரம். 3216-உம் 3226-உம் புகையில் நைட்ரஜன் ஆக்சைடை அளக்கும் நாக்ஸ் சென்சார்கள். 3251 டி.பி.எஃப்.-இன் இரு பக்க அழுத்த வேறுபாடு.

எஃப்.எம்.ஐ. 3, 4, 5 என்றால் கரண்ட் சமாச்சாரம்: ஷார்ட், எர்த், ஒயர் துண்டிப்பு. உறுப்பை வாங்குமுன் ஒயரைப் பாருங்கள். பல கோடுகளோடு 168-உம் சேர்ந்து வந்திருந்தால் பேட்டரியை முதலில் சரிசெய்து, கோடுகளை அழித்து, ஒரு டிரிப் ஓட்டிய பிறகு எது திரும்ப வருகிறது என்று பாருங்கள். திரும்பி வருவதுதான் நிஜக் கோளாறு. சரிசெய்த பிறகும் விளக்கு உடனே அணையாமல், மூன்று தடவை ஸ்டார்ட் செய்து ஓட்டிய பிறகு தானாக அணைவதும் உண்டு.

ஆன்லைனில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ப்ளூடூத் கருவி 12 வோல்ட் சின்ன வண்டிக்கு உதவும். 24 வோல்ட் தாங்கும் என்று அதன் மேல் எழுதியிருந்தால் ஒழிய லாரியில் செருகாதீர்கள். கருவி புகையும், சில நேரம் வண்டியின் ஃபியூஸும் போகும்.

சீட்டுக்கு அடியில்

மலைக்கோ வடக்குக்கோ போகும் வண்டியில் இவை இருக்கட்டும்: மல்டிமீட்டர், தடித்த ஜம்பர் கேபிள், டீசல் பில்டர் ஒன்று, அதைக் கழற்றும் பட்டை ஸ்பானர், ஃபியூஸ் கொஞ்சம், கண்ணாடி பாட்டில், சீல் உடைக்காத யூரியா கேன், கூலன்ட் கேன். ஏர் டேங்க் வால்வை இழுத்துத் தண்ணீர் வடிப்பதை சமவெளியில் வாரம் ஒருமுறை செய்தால், குளிரில் தினமும் ராத்திரி செய்யுங்கள்.

கம்பெனி உதவி எண்ணுக்குப் போன் போட்டால் சேசிஸ் நம்பர், ஓடிய கிலோமீட்டர், விளக்கின் கலர், கோடு, நிற்கும் இடம் என்று இதே வரிசையில் சொல்லுங்கள். கொண்டை ஊசி வளைவில் நிற்கிறீர்கள் என்றால் எத்தனையாவது வளைவு என்று பலகை பார்த்துச் சொல்லுங்கள். அதற்கு முன் டயருக்குக் கட்டை போட்டு, முக்கோணப் பலகையை வளைவுக்கு மேலும் கீழும் வைத்துவிடுங்கள்.